குலுக்கலுக்கு எல்லா வரிசையும் ஒன்றுதான்

மக்களவைக்கு முதல்முறை சென்றிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

18ஆவது மக்களவை 2024 ஜூன் 24ஆம் தேதி கூடியபோது, 543 பேரில் 280 பேர் முதல்முறை வந்தவர்கள். அந்த 280 பேரில் தமிழ் பேசும் தொகுதிகளிலிருந்து சென்றவர்களுக்கும், இனி இடைத்தேர்தலிலோ அடுத்த பொதுத்தேர்தலிலோ வென்று செல்லப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். நாடாளுமன்றக் கேள்விகளை வரைவதும், வரும் பதில்களைப் படித்து அடுத்த கேள்விக்கு வழி பார்ப்பதும் எங்கள் வேலை.

கூட்டத்தொடர் முடிந்து ஊருக்கு வந்ததும் தொகுதியில் உங்களிடம் கேட்பார்கள்: "சபையில் என்ன பேசினீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே பலரும் முதல் வருடம் முழுவதும் பேச இடம் தேடி அலைகிறார்கள். கொறடாவின் அறைக்கு நடக்கிறார்கள், பேச்சாளர் பட்டியலில் பெயர் வருமா என்று மாலை வரை காத்திருக்கிறார்கள். கடைசியில் மூன்று நிமிடம் கிடைக்கிறது. மணி அடிக்கும்போது முன்னுரைதான் முடிந்திருக்கிறது. இது உங்கள் திறமைக் குறைவு அல்ல. விவாத நேரத்தை அலுவல் ஆய்வுக் குழு நிர்ணயிக்கிறது, கட்சிகளின் எண்ணிக்கை பலத்துக்கு ஏற்ப அது பிரிகிறது, யார் பேசுவது என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. முன்வரிசைக்குப் போனது போக மிச்சம் இருப்பதுதான் பின்வரிசைக்கு. 17ஆவது மக்களவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மசோதாக்கள் ஒரு மணி நேரம்கூட விவாதிக்கப்படாமல் நிறைவேறின. அந்த ஒரு மணி நேரத்தில் புதியவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வாக்கெடுப்பிலும் உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தால் பதவியே போகலாம்.

ஆனால் அவையில் ஒரு பகுதி கட்சிப் பட்டியலின்படி நடப்பதில்லை. கேள்விகளுக்கும், அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்துக்கும் வரிசையைத் தீர்மானிப்பது குலுக்கல். பத்து முறை வென்ற மூத்தவரின் பெயரும் நேற்று பதவியேற்றவரின் பெயரும் ஒரே குலுக்கலில் கிடக்கின்றன. உங்கள் உழைப்பில் பெரும்பங்கை அங்கே போடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

கூட்டத்தொடருக்கான அழைப்பாணை வந்ததும் கேள்வி அட்டவணையும் வரும். அமைச்சகங்கள் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை கிழமைக்கு ஒரு பிரிவு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். எந்தக் கிழமை எந்த அமைச்சகம் என்று பார்த்து, அந்த நாளுக்குப் பதினைந்து முழு நாட்களுக்கு முன் கேள்வி போய்ச் சேர வேண்டும். முழு நாள் என்றால் கொடுத்த நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. இந்த ஒரு நாள் கணக்குப் பிசகில் புதியவர்களின் கேள்விகள் வாரக்கணக்கில் வீணாகின்றன. முதல் வாரத்துக்கான கேள்விகளை அழைப்பாணை வந்த இரண்டு மூன்று நாளுக்குள் கொடுக்கத் தயாராக இருந்தால்தான் முடியும். ஆகவே கேள்விகள் அழைப்பாணைக்கு முன்பே உங்கள் மேசையில் எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒருவர் ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் கேள்வி, எழுத்துப் பதிலுக்கான நட்சத்திரமில்லாத கேள்வி இரண்டும் சேர்ந்தே ஐந்து. நட்சத்திரப் பட்டியலில் அன்றைக்கு மொத்தம் 20 கேள்விகள்; ஒருவர் பெயரில் ஒன்றுதான் இடம்பெறும். நட்சத்திரமில்லாத பட்டியலில் 230. காலை 11 மணி முதல் 12 வரை நடக்கும் கேள்வி நேரத்தில் அந்த இருபதில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே அபூர்வம். எட்டாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும்.

புதியவர்கள் பலரும் நட்சத்திரத்தின் மேல்தான் கண் வைக்கிறார்கள், தொலைக்காட்சியில் வரும் என்பதால். எங்கள் கருத்து வேறு. தொகுதி வேலைக்கு நட்சத்திரமில்லாத கேள்விதான் கை கொடுக்கும். அவை 11 மணிக்குக் கூடி, கூச்சலில் இரண்டு நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் அந்த எழுத்துப் பதில்கள் மேசைக்கு வந்துவிடுகின்றன. 2020 செப்டம்பரில், கொரோனா காலக் கூட்டத்தொடரில், கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள்; அப்போதும் நட்சத்திரமில்லாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்தது.

கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். நிராகரிக்கப்படும் காரணங்கள் மக்களவை நடைமுறை விதிகளில் விதி 41இல் வரிசையாக இருக்கின்றன. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் கூடாது. முதன்மையாக மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயம் கூடாது. ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக் கூடாது. புதியவர்களின் கேள்வி அடிபடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்றில். எனவே எழுதும் முன் மக்களவை இணையதளத்தில் அதே பொருளில் வந்த பழைய பதில்களைத் தேடிப் படியுங்கள். பழைய பதிலில் எங்கே தகவல் நின்றுபோகிறதோ, அங்கேதான் உங்கள் கேள்வி ஆரம்பிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். உங்கள் தொகுதியில் ஒரு ரயில்வே கேட். மேம்பாலம் வேண்டும் என்று ஊரே கேட்கிறது. வழக்கமாக எழுதப்படும் கேள்வி இப்படி இருக்கும்:

"(அ) இன்ன ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கட்ட அரசு நடவடிக்கை எடுக்குமா? (ஆ) ஆம் எனில், விவரம் என்ன? (இ) இல்லை எனில், காரணம் என்ன?"

இதற்கு வரும் பதிலைக் கேள்வி போகும் முன்பே சொல்லிவிடலாம். மேம்பாலப் பணிகளை எடுப்பது தொடர்ந்து நடந்துவரும் செயல்பாடு. பாதுகாப்பு, ரயில் போக்குவரத்து, சாலைப் பயனாளர்களின் தேவை, சாத்தியம் ஆகியவற்றைப் பொறுத்துப் பணிகள் எடுக்கப்படுகின்றன என்ற பொருளில் ஒரு பத்தி. பிறகு நாடு முழுவதும் எத்தனை மேம்பாலங்கள் கட்டப்பட்டன என்ற எண்ணிக்கை. உங்கள் ஊர் கேட் அந்தப் பதிலில் எங்கும் இருக்காது. "நடவடிக்கை எடுக்குமா" என்று கேட்டால் எண்ணத்தைத்தான் கேட்கிறோம். எண்ணத்துக்குப் பதில் சொல்ல யாரும் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை.

அதே கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்:

"(அ) மதுரைக் கோட்டத்தில் மேம்பாலத்துக்கு அனுமதி பெற்று இன்னும் முடியாமல் இருக்கும் லெவல் கிராசிங்குகள் எவை, ஒவ்வொன்றும் எந்த ஆண்டுப் பணித் திட்டத்தில் சேர்ந்தது? (ஆ) அவற்றில் கடைசியாகப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடந்த மாதமும் அப்போது வந்த டி.வி.யூ. எண்ணும் என்ன? (இ) இன்ன எண்ணுள்ள கேட்டைப் பொறுத்தவரை, பொது அமைப்பு வரைபடம் மாநில அரசுக்கு அனுப்பப்பட்ட தேதி, ஒப்புதலாகித் திரும்பிய தேதி என்ன? (ஈ) அணுகுசாலைக்குத் தேவையான நிலம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு? (உ) கடந்த மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை, செலவான தொகை ஆண்டுவாரியாக என்ன?"

ஒவ்வொரு பிரிவும் எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கும் ஒன்றைக் கேட்கிறது. தேதி, எண், தொகை. இதற்குப் பதில் எழுத கோட்ட அலுவலகத்தில் யாராவது கோப்பைத் திறந்தாக வேண்டும். பல வருடம் தூங்கிய கோப்பு அந்த ஒரு தடவை திறக்கப்படுவதாலேயே நகர்வதுண்டு. ஒரே ஒரு கேட்டைப் பற்றி மட்டும் கேட்டால் மிகச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடலாம். அதனால்தான் கோட்டத்தில் ஆரம்பித்து உங்கள் கேட்டுக்கு வருகிறோம். மூன்று ஆண்டு என்று வரம்பு வைத்ததற்கும் காரணம் உண்டு. பத்து ஆண்டுக் கணக்கைக் கேட்டால் "தகவல் திரட்டப்படுகிறது" என்ற வரிதான் வரும்.

டி.வி.யூ. என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ரயில்வே மேம்பாலப் பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான். 24 மணி நேரத்தில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது அது. 40 ரயில், 2,500 வாகன அலகு என்றால் 1,00,000. ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பாதிப் பாதி ஏற்று மேம்பாலம் கட்ட வழக்கமாகப் பார்க்கும் அளவு இந்த ஒரு லட்சம். கணக்கெடுப்பு பழையதாக இருந்தால் எண் குறைவாக இருக்கும், கோப்பு அங்கேயே நிற்கும். ஒருவேளை உங்கள் கேட்டுக்குத் தேவையானது புதிய கணக்கெடுப்பு மட்டுமாகவே இருக்கலாம். வரைபடமோ நிலமோ மாநிலத்திடம் நிற்கிறது என்று பதில் வந்தால், கோட்டையில் உங்கள் சட்டமன்ற உறுப்பினர் தட்ட வேண்டிய கதவு எது என்பது தெரிந்துவிடும்.

பக்கத்துத் தொகுதி உறுப்பினர்களோடு வேலையைப் பிரித்துக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே கேள்வியைப் படியெடுத்து ஐந்து பேர் கொடுத்தால் ஐந்து பதில் வராது. பெயர்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு ஒரே பதில்தான் வரும், நான்கு பேரின் வாய்ப்பு வீண். ஒருவர் நிலத்தைக் கேட்கட்டும், ஒருவர் நிதியை, ஒருவர் கணக்கெடுப்பை, ஒருவர் ஒப்பந்தப்புள்ளியை. நான்கு பதிலையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால் எந்த அமைச்சரின் உரையிலும் கிடைக்காத படம் கிடைக்கும்.

கேள்விகளை இணையதளத்தில் உங்கள் கணக்கு வழியாகவே கொடுக்கிறீர்கள். அந்தக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் இரு அவைகளிலும் சேர்த்து 11 பேர் நீக்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் மக்களவையிலிருந்து ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டபோது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் கடவுச்சொல்லை வெளியாரிடம் கொடுத்ததும் ஒன்று. உதவியாளர் வரையட்டும், இறுதியாகப் படித்து அனுப்புவது நீங்களாக இருக்க வேண்டும். கேள்வியை எழுதித் தர வெளியிலிருந்து யாராவது வலிய வந்தால், அந்தப் பதிலால் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் விசாரியுங்கள்.

பதில் வந்த பிறகுதான் பாதி வேலை இருக்கிறது. பெரும்பாலானோர் பதிலைச் சமூக வலைதளத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். தட்டிக் கழிக்கும் பதில்களில் சில வகைகள் திரும்பத் திரும்ப வரும். "இந்தத் தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை" என்று வந்தால், மாநிலங்கள் எந்தப் படிவத்தில் என்ன அறிக்கை அனுப்புகின்றன, கடைசியாக எப்போது அனுப்பின என்று அடுத்த கேள்வியில் கேளுங்கள். "இது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம்" என்று வந்தால், அதே துறையில் மத்திய நிதியோடு நடக்கும் திட்டத்தைப் பிடியுங்கள். அரசு மருத்துவமனையில் ஏன் மருத்துவர் இல்லை என்று டெல்லியில் கேட்டால் பதில் வராது. தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் உங்கள் மாநிலம் கேட்டது எவ்வளவு, ஒப்புதலானது எவ்வளவு, விடுவித்தது எந்தத் தேதியில், பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததா என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

"தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்" என்ற பதில்களைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். அவையெல்லாம் அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழிகள். இவற்றைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் 15 பேர் கொண்ட அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. முடியாவிட்டால் அமைச்சகம் கூடுதல் அவகாசம் கேட்டு அந்தக் குழுவிடம் வர வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு நோட்டில் கேள்வி எண், தேதி, அமைச்சகம், உறுதிமொழிச் சொல் நான்கையும் எழுதி, எதிரே மூன்று மாதம் கழித்து வரும் தேதியைக் குறித்துவையுங்கள். அந்த நாளில் நிலவரம் கேட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள். உறுதிமொழியாகச் சேர்க்கப்பட வேண்டிய பதில் விடுபட்டிருந்தால் அதையும் சுட்டிக்காட்டலாம். கடைசியில் கைவிட அனுமதி கேட்டு அமைச்சகம் வருவதும் உண்டு. அப்போது குழுவிடம் உங்கள் கடிதம் இருந்தால் கதை மாறும்.

பதில் முழுமையாக இல்லை, விஷயம் முக்கியமானது என்றால் விதி 55இன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னதாக, விளக்கக் குறிப்போடு, வேறு இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்துடன் கொடுக்க வேண்டும். இப்போது அபூர்வமாகத்தான் நடக்கிறது. கேட்பவர் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

நட்சத்திரக் கேள்வியில் உங்கள் பெயர் வந்துவிட்டால், அமைச்சரின் முதன்மைப் பதில் கூட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் கிடைக்கும். உங்களுக்கு இரண்டு துணைக் கேள்விகள். அந்தப் பதிலைப் படிக்காமல் வீட்டில் எழுதிவைத்த துணைக் கேள்வியை வாசிப்பவர்கள் உண்டு. பதிலிலேயே சொல்லிவிட்டதைத் திரும்பக் கேட்டு அமர்ந்துவிடுகிறார்கள். பதிலில் உள்ள ஒரு எண்ணைக் கையில் எடுங்கள்: "இணைப்பில் தமிழ்நாட்டுக்கு இவ்வளவு ஒதுக்கியதாகவும் இவ்வளவு செலவானதாகவும் இருக்கிறது, இடைவெளி எதனால்?" இருபது விநாடி போதும். நீளமாக முன்னுரை சொன்னால் சபாநாயகர் நிறுத்துவார், அமைச்சருக்கும் முன்னுரைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார வசதியாகிவிடும்.

பூஜ்ய நேரத்துக்கு வருவோம். இதுவும் குலுக்கல், ஒரு நாளைக்கு 20 பெயர்கள். அவசரப் பொது முக்கியத்துவம் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். எனவே நேற்று நடந்த விபத்து, இன்று சிறைபிடிக்கப்பட்ட மீனவர்கள், நாளை மூடவிருக்கும் நெல் கொள்முதல் நிலையம் என்று நாள் கடந்தால் பயனில்லாத விஷயத்துக்கு மட்டும் இதை வையுங்கள். பல ஆண்டுக் கோரிக்கைக்கு விதி 377தான் பொருத்தம். அதில் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்து, ஒப்புதலான வாசகத்தை மட்டும் படிக்க வேண்டும். ஒருவருக்கு வாரத்தில் ஒரு வாய்ப்பு. ஆனால் துறை அமைச்சரிடமிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாதம் பாருங்கள், வராவிட்டால் நினைவூட்டுங்கள். கடைசி வரியில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும். ரயில் நிறுத்தம், மேம்பாலம், நடைமேடை, கழிப்பறை என்று நான்கைக் கேட்டால் நான்குக்கும் சேர்த்து ஒரு பொதுப் பதில் வரும்.

அவையில் தமிழில் பேசலாம், உடன் மொழிபெயர்ப்பும் உண்டு. பேசப்போவதை மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவித்து, எழுதிய படி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டினால் கண்ணாடி அறைக்குள் இருப்பவர் பின்தங்கிவிடுவார். எதிரே இருக்கும் அமைச்சர் காதில் விழுவது பாதி வாக்கியம்தான். எண்களை நிறுத்திச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது மறுநாள் வேலை. அவைக் குறிப்பில் உங்கள் தமிழ் உரையின் மொழிபெயர்ப்புதான் ஏறும். ஊர்ப் பெயரும் ஆண்டும் தொகையும் அதில் பிழையாக விழுந்தால், பின்னாளில் உங்கள் உரையைத் தேடுபவருக்குக் கிடைக்காது. திருத்தம் கொடுக்கும் காலம் முடியும் முன் வரிக்கு வரி பாருங்கள். யார் மீதாவது குற்றச்சாட்டு சொல்வதாக இருந்தால் விதி 353இன்படி சபாநாயகருக்கும் அமைச்சருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் சொன்னால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், சொன்னதற்கே அடையாளம் இருக்காது.

மசோதாவில் பேச நேரம் கிடைக்காவிட்டாலும் திருத்தம் கொடுக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. மசோதா எடுத்துக்கொள்ளப்படும் நாளுக்கு ஒரு நாள் முன் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். "பக்கம் 4, வரி 17: முப்பது நாட்கள் என்பதற்குப் பதில் அறுபது நாட்கள் என மாற்றுக" என்ற வடிவம். இத்தனை எளிதாக இருந்தும் புதியவர்கள் தொடுவதில்லை. தோற்கத்தானே போகிறது என்ற எண்ணம். தோற்கும்தான். ஆனால் பிரிவுவாரியாக அவை மசோதாவை எடுக்கும்போது உங்கள் பெயர் அழைக்கப்படும், திருத்தத்தை முன்மொழியலாம், அது பதிவாகும். பின்னர் அந்தப் பிரிவில் சிக்கல் வரும்போது, இதை அன்றைக்கே ஒருவர் எழுத்தில் சொல்லியிருக்கிறார் என்று காட்ட ஒரு வரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் மாறி மாறி ஒதுக்கப்படுகிறது. மசோதாவுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். நோக்கக் காரண விளக்கம் இணைக்க வேண்டும். அரசுக்குச் செலவு வருமானால் நிதிக் குறிப்பும் வேண்டும். சுதந்திர இந்தியாவில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாயின, கடைசியாக 1970இல். இதைப் படித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டாம். திருச்சி சிவா கொண்டுவந்த மூன்றாம் பாலினத்தவர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் சொந்த மசோதாவோடு வந்தது, 2019இல் சட்டமானது. அந்தச் சட்டத்தின் மீது அச்சமூகத்தினருக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் அரசை அந்த விஷயத்தில் எழுந்து நிற்க வைத்ததில் ஒரு தனி உறுப்பினரின் மசோதாவுக்குப் பங்கு உண்டு. ஐந்து ஆண்டில் ஐம்பது மசோதா வேண்டாம். ஒன்று போதும், ஆனால் சட்ட வல்லுநரோடு உட்கார்ந்து பிரிவு பிரிவாக எழுதியதாக இருக்கட்டும்.

நிலைக்குழு. கேமரா இல்லாததால் பலரும் இதற்கு மதிப்புக் கொடுப்பதில்லை; எங்கள் பார்வையில் கேள்விக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 1993இல் 17ஆகத் தொடங்கி இப்போது 24 துறைசார் நிலைக்குழுக்கள். ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. துறைச் செயலாளர் உங்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்கிறார். அவையில் மூன்று நிமிடம் கிடைக்காத உங்களுக்கு அங்கே பத்து நிமிடம் கிடைக்கும். மசோதாக்கள் குழுவுக்குப் போவது குறைந்துவிட்டது உண்மை. 15ஆவது மக்களவையில் 71 சதவீதம், 17ஆவதில் 16 சதவீதம். ஆனால் மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வோர் அமைச்சகமும் செலவுக்குக் கேட்கும் தொகைகள், ஒவ்வோர் ஆண்டும் குழுவுக்கு வந்தே தீரும்.

பட்ஜெட் அறிக்கையில் மூன்று நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. பிப்ரவரியில் தலைப்புச் செய்தியாவது முதல் நிரல். அடுத்த ஆண்டு பட்ஜெட் வரும்போது அதே திட்டத்துக்கு இரண்டாவது நிரலில் தொகை குறைந்திருக்கும். அதற்கும் அடுத்த ஆண்டு மூன்றாவது நிரலில் இன்னும் குறைந்திருக்கும், அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். செயலாளரிடம் இரண்டே கேள்வி: நிதியமைச்சகத்திடம் நீங்கள் கேட்ட தொகை எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு? திருத்திய மதிப்பீட்டில் குறைத்ததற்கு எழுத்தில் காரணம் என்ன? அங்கேயே பதில் இல்லை என்றால், எழுத்தில் அனுப்புவதாகச் சொல்வார். அந்த வாக்கைக் குழுச் செயலகம் குறித்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை குழுவில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் உரிமை மீறல். குழுவின் முடிவில் உடன்பாடு இல்லை என்றால் மாற்றுக் கருத்துக் குறிப்பு கொடுக்கலாம், அது அறிக்கையோடு அச்சாகும்.

2023 மார்ச் 23 அன்று மக்களவை, மானியக் கோரிக்கைகளில் ஒன்றைக்கூட விவாதிக்காமல் அத்தனையையும் நிறைவேற்றியது. அவையில் கதவு அப்படி மூடும் ஆண்டுகளில், அந்தத் தொகைகளைப் பற்றி மக்கள் பிரதிநிதி ஒருவர் கேட்டார் என்பதற்கு மிஞ்சும் சான்று நிலைக்குழு அறிக்கைதான். கூடவே, கோரிக்கைத் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லும் அடையாள வெட்டுத் தீர்மானத்தையும் கொடுத்துவையுங்கள். ஒரு குறிப்பிட்ட குறையைப் பெயர் சொல்லிப் பதிய அது நல்ல வழி.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றி நாங்கள் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்; அதைக் கேட்க ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அலுவலகச் செலவுப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025இல் உயர்த்தப்பட்ட பின் அது மாதம் 75,000 ரூபாய். அதில் 50,000 உதவியாளரின் ஊதியத்துக்கு. அந்த இடத்தில் சொந்தக்காரரையோ தேர்தலில் கூட வந்தவரையோ வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆங்கில அரசாணையைப் படித்து அட்டவணையிலிருந்து எண் எடுக்கத் தெரிந்த ஒருவரை வையுங்கள். நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வுப் பிரிவு உறுப்பினர் கேட்டால் குறிப்பு தயாரித்துத் தருகிறது, கட்டணம் இல்லை. நாளையும் பொருளையும் தெளிவாக எழுதிக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இப்போது அவை கூடாத இடைவெளியில் ஊரில் இருப்பீர்கள். அந்த மேம்பாலக் கேள்வியின் மூன்றாவது பிரிவில் கேட் எண் என்று ஓர் இடம் காலியாக இருக்கிறது. மனுவில் ஊர்ப் பெயர்தான் எழுதியிருப்பார்கள். கோட்ட அலுவலகத்தின் பதிவேட்டில் இருப்பது எண். கேட் மூடி ரயிலுக்காக வண்டி நிற்கும்போது இறங்கிப் போய்ப் பாருங்கள். கேட் அறையில் எழுதியிருக்கும். குறித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
நாடாளுமன்றக் கேள்வி பதில்களோடு நாள்தோறும் இருப்பவர்கள்